மனநோய் ஆதரவுக் குழுக்கள்: லண்டன் முதல் கீழ்ப்பாக்கம் வரை

மனநோய் விடுதியில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்து, தம்மைப் போன்றவர்களுக்காகத் தாமே தொடங்கிய சங்கங்களில் மூத்தது 1845 ஜூலையில் லண்டனில் உருவானது. அதன் பெயரைப் ‘பித்தர் எனப்பட்டோரின் நண்பர் சங்கம்’ என்று தமிழில் சொல்லலாம். சங்கத்தின் உயிர்நாடியாக இருந்தவர் ஜான் பெர்சிவல். 1812இல் நாடாளுமன்றத்தின் முகப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் இவர். படையில் அதிகாரியாக இருந்தவர். சமயப் பரவசமாகத் தொடங்கிய மனக்கலக்கம் முற்றியதால் 1831இல் பிரிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த பிரிஸ்லிங்டன் ஹவுஸ் என்னும் தனியார் விடுதியில் சேர்க்கப்பட்டார். பணக்காரக் குடும்பங்கள் பெருந்தொகை கட்டி நோயாளிகளை விடும் இடம் அது. அங்கும் கட்டிலில் வார் போட்டுக் கட்டுவதும், குளிர்ந்த நீரில் முக்குவதும்தான் வைத்தியம். பிறகு வேறொரு விடுதிக்கு மாற்றப்பட்டு, 1834இல் விடுதலையான பெர்சிவல், தமக்கு நேர்ந்ததை 1838இலும் 1840இலும் இரண்டு நூல்களாக எழுதினார்.

தமக்கு நோயே வரவில்லை என்று அவர் எங்கும் வாதிடவில்லை. நோய் வந்தது உண்மை. ஆனால் நோய் வந்ததாலேயே ஒருவன் பேசுவது செவியில் விழவேண்டியதில்லை என்று மருத்துவரும் உறவினரும் முடிவு கட்டிவிடுகிறார்களே, அதுதான் அவருடைய வழக்கு. சங்கம் செய்த வேலையும் பெரும்பாலும் சட்ட வேலையே. தவறாக அடைக்கப்பட்டவர்களை மீட்பது, விடுதிக்குள் இருப்பவர் எழுதும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படாமல் வெளியே போகச் செய்வது, வெளியே வந்தவருக்குக் கைகொடுப்பது, சட்டத்தைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்தை நச்சரிப்பது. எழுபது பேருக்குக் குறையாதவர்களின் வழக்குகளை அது எடுத்து நடத்தியது. 1859இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் முன் பெர்சிவல் சாட்சியம் அளித்தார். 1860களில் சங்கம் ஓய்ந்துவிட்டது.

இதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கதையில் மூன்று தரப்பினர் மாறி மாறி வருகிறார்கள்: நோயுற்றவர், மருத்துவர், குடும்பத்தார். எந்தக் குழுவை எடுத்தாலும், அதை நடத்துவது இம்மூவரில் யார் என்று கேட்டால் அதன் குணம் பாதி தெரிந்துவிடும். மேற்கில் நோயுற்றவர் முதலில் வந்தார். குடும்பத்தார் கடைசியில் வந்தார்கள். இந்தியாவில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

அமெரிக்காவில் தனிமனிதர்களின் போராட்டமே முதலில் நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் எலிசபெத் பேக்கர்ட் என்னும் பெண், சமயக் கருத்தில் கணவரோடு மாறுபட்டதற்காக 1860இல் விடுதியில் அடைக்கப்பட்டார். மனைவியை விசாரணையின்றி அடைக்கக் கணவனுக்கு அன்று சட்டமே இடம் கொடுத்தது. மூன்றாண்டுக்குப் பின் வெளிவந்து, தாம் தெளிந்த சித்தமுடையவர் என்று நடுவர் குழுவின் முன் நிறுவி, மாநிலம் மாநிலமாகச் சென்று சட்டங்களை மாற்ற வைத்தார். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியான கிளிஃபோர்ட் பியர்ஸ் 1900இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்து, மூன்று மருத்துவமனைகளில் மூன்றாண்டு கழித்தார். 1908இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு பெரும் அதிர்வை உண்டாக்கியது. அதைத் தொடர்ந்து பிறந்த ‘மனநலப் பேணல்’ இயக்கம் உலகெங்கும் கிளை விட்டது. ஆனால் நோயுற்றவர் ஒருவர் தொடங்கிய அந்த இயக்கம் சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள், பேராசிரியர்கள், கொடையாளர்கள் ஆகியோரின் அவையாகிவிட்டது. நோயாளிகள் அதில் பேசுபொருளாக இருந்தார்கள்; பேசுபவர்களாக இருக்கவில்லை.

நோயுற்றவர்கள் வாரந்தோறும் ஓர் அறையில் கூடி, நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு, ஒருவர் பேச மற்றவர் கேட்பது என்ற வழக்கம் 1930களில்தான் வேர்விட்டது. 1935இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததிலிருந்து குடிநோயாளர் அமைப்பு பிறந்தது. அது எல்லோரும் அறிந்த கதை. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் சிகாகோவில் பிறந்த ‘ரிக்கவரி’ அமைப்பைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மனநோயைப் பொறுத்தவரை அதுவே முன்னோடி.

அதை நிறுவியவர் ஆப்ரகாம் லோ. போலந்தில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் முடித்து, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா வந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மனநோய் நிலையத்தில் பணியாற்றியபோது, குணமாகி வீடு திரும்பியவர்கள் சில மாதங்களில் மீண்டும் வந்து சேர்வதை அவர் பார்த்தார். மருத்துவமனைக்குள் செய்வது மட்டும் போதாது, வீட்டில் கழியும் நாட்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்து, 1937 நவம்பரில் முன்னாள் நோயாளிகள் 37 பேரோடு அமைப்பைத் தொடங்கினார். ஃபிராய்டின் வழியில் குழந்தைப் பருவத்தைத் தோண்டும் முறை அமெரிக்க மருத்துவத்தில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. லோவுக்கு அதில் நம்பிக்கையில்லை. சக மருத்துவர்களிடம் அவருக்கு வரவேற்பும் இல்லை. 1940களின் தொடக்கத்தில் அமைப்பு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறித் தனியே நிற்க வேண்டியதாயிற்று.

ரிக்கவரியின் கூட்டம் மிகவும் கட்டுக்கோப்பானது. தலைமை தாங்குபவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற பழைய உறுப்பினர். முதலில் லோவின் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓர் ‘எடுத்துக்காட்டு’ சொல்லவேண்டும். அதற்கு நான்கு படிகள் உண்டு. அந்த வாரம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்வது முதல் படி. கடைக்காரர் எரிந்து விழுந்தது, மின்தூக்கியில் ஏறும்போது நெஞ்சு படபடத்தது என்ற அளவில் இருந்தால் போதும். அப்போது உடலிலும் மனத்திலும் என்ன எழுந்தது என்பது இரண்டாவது. பயிற்சியில் கற்ற எதைக்கொண்டு அதைச் சமாளித்தார், அதற்காகத் தன்னை எப்படித் தட்டிக்கொடுத்துக்கொண்டார் என்பது மூன்றாவது. இதே நிகழ்ச்சி பழைய நாளில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது நான்காவது. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் அதில் தமக்குத் தென்பட்டதைச் சொல்வார்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கூட்டத்தில் பேசக்கூடாது. அவை மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலானவை. பெரிய துயரங்களைக் கொட்டி அழுவதற்கான இடமாகவும் அது வடிவமைக்கப்படவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பள்ளிக்கூடத்து ஒப்பித்தலாகத் தோன்றலாம். ஆனால் உறக்கமும் உணவும் உரையாடலும் தாறுமாறாகிப் போன ஒருவருக்கு, எதை எந்த வரிசையில் சொல்வது என்ற சட்டகம் கிடைப்பதே பெரிய பிடிமானம். எண்ணத்தையும் நடத்தையையும் பழக்கத்தால் திருத்தும் சிகிச்சை முறை பிற்காலத்தில் மருத்துவத்தில் வேரூன்றியபோது, அதன் முன்னோடிகளில் ஒருவராக லோவும் குறிப்பிடப்பட்டார். 1952இல் அவர் கூட்டங்களை நடத்தும் பொறுப்பை முழுவதும் உறுப்பினர்களிடம் ஒப்படைத்தார், இரண்டாண்டில் மறைந்தார். அமைப்பு இன்றும் இயங்குகிறது.

நியூயார்க்கில் நடந்தது வேறுவகை. அங்கே மருத்துவர் யாரும் வழிகாட்டவில்லை. நகருக்கு வடக்கே ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் இருந்த சில நோயாளிகள், உள்ளே இருக்கும்போதே தமக்குள் ஒரு வட்டம் அமைத்துக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகு, 1940களின் முற்பகுதியில், மன்ஹாட்டனில் கூடத் தொடங்கினார்கள். வாடகைக்கு அறை எடுக்க வழியில்லாததால் நகரப் பொது நூலகத்தின் படிக்கட்டுகளிலும் சந்தித்தார்கள். ‘நாம் தனியாக இல்லை’ என்ற பொருளில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வருபவருக்கு வேலை கிடைக்காது, வீட்டார் முகம் கொடுக்க மாட்டார்கள், பழைய நண்பர் பாதை மாறிப் போவார். முதலில் வேண்டியது போய் உட்கார ஓர் இடம். 1948இல் ஆதரவாளர்களின் உதவியோடு மேற்கு 47ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதன் பின்முற்றத்தில் நீரூற்று ஒன்று இருந்ததால் ‘ஃபவுண்டன் ஹவுஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

1955இல் ஜான் பியர்ட் என்னும் சமூகப் பணியாளர் இதன் இயக்குநரானார். அவர் கொண்டுவந்த மாற்றம் அதைக் கூடிப் பேசும் மன்றத்திலிருந்து கூடி வேலை செய்யும் இல்லமாக ஆக்கியது. வருபவர் எல்லோரும் உறுப்பினர். நோயாளி என்ற அழைப்பே இல்லை. காலையில் வந்தால் சமையலறையிலோ அலுவலகத்திலோ ஒரு வேலை இருக்கும். சம்பளம் வாங்கும் பணியாளரும் உறுப்பினரும் அருகருகே நின்று காய் நறுக்குவார்கள், தபால் பிரிப்பார்கள். பணியாளர் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். உறுப்பினர் கைகொடுக்காவிட்டால் அன்றைய மதிய உணவு நடக்காது. தன்னால் ஒரு காரியம் ஆகிறது, தான் வராவிட்டால் தேடுவார்கள் என்ற உணர்வு மருந்தால் தரமுடியாதது என்பது பியர்டின் கணக்கு. அடுத்த படியாக நகரத்து நிறுவனங்களில் சில மாதங்களுக்கு உறுப்பினரை அமர்த்தும் இடைக்கால வேலைத் திட்டம் வந்தது. வேலைக்குப் போனவர் ஒருநாள் முடியாமல் போனால் அந்த இடத்தில் பணியாளர் சென்று வேலையை முடித்துக் கொடுப்பார். அதனால் முதலாளிக்கு நட்டமில்லை.

இந்த முறை நாடுகளைக் கடந்தது. தெற்காசியாவில் அது முதலில் வந்தடைந்த இடம் லாகூர். 1971இல் அங்கே ஒரு ஃபவுண்டன் ஹவுஸ் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1957இல் பிறந்த ‘குரோ’ அமைப்பு இன்னொரு கிளை. மனநோயால் பாதிக்கப்பட்ட சிலர், தமக்குக் குடிப்பழக்கம் இல்லாதபோதும், குடிநோயாளர் கூட்டங்களுக்குப் போய் அங்கே கிடைத்த தோழமையைக் கண்டு, அதே வடிவத்தில் தமக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அவர்களில் கத்தோலிக்கப் பாதிரியார் கான் கியோவும் ஒருவர்.

1950களில் சூழ்நிலையே மாறியது. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. 1955இல் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், அதுவே உச்சம். மருந்து வந்ததும், செலவைக் குறைக்க அரசுகள் விரும்பியதும், விடுதிகளின் கொடுமை வெளியே தெரிந்ததும் ஒன்றுசேர, வார்டுகள் காலியாகத் தொடங்கின. 1963 அக்டோபரில் ஜனாதிபதி கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் மையங்கள் திட்டமிட்ட அளவில் எழவில்லை. வெளியே அனுப்பப்பட்டவர்கள் போன இடங்கள் இரண்டு: தெரு, அல்லது வீடு. தெருவுக்கும் விடுதிக்கும் இடையில் அலைந்தவர்களிடமிருந்து ஒரு வகைக் குழுவும், வீட்டில் அவர்களை ஏற்றுக்கொண்ட பெற்றோரிடமிருந்து இன்னொரு வகைக் குழுவும் தோன்றின. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்தன.

முதல் வகையினர் கோபக்காரர்கள். 1970இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டிலும், அடுத்த ஆண்டில் நியூயார்க், பாஸ்டன், கனடாவின் வான்கூவர் ஆகிய இடங்களிலும் முன்னாள் நோயாளிகளின் சங்கங்கள் எழுந்தன. கறுப்பின மக்களின் உரிமைப் போரும் பெண்ணுரிமைப் போரும் நடந்துகொண்டிருந்த காலம். அந்த மொழியிலேயே இவர்களும் பேசினார்கள். விருப்பமின்றி அடைப்பது, விருப்பமின்றி மின்னதிர்வு கொடுப்பது ஆகியவற்றை எதிர்த்தார்கள். சில குழுக்கள் மருத்துவர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. இவர்களில் முக்கியமான எழுத்தாளர் ஜூடி சேம்பர்லின். கருச்சிதைவுக்குப் பின் வந்த சோர்வால் 1960களில் மருத்துவமனைகளில் அடைபட்ட அவர், பின்னர் வான்கூவர் சங்கம் நடத்திய இல்லத்தில் தங்கினார். நோயுற்றவர்களே நடத்தும் மாற்று இல்லங்களைப் பற்றி 1978இல் அவர் எழுதிய நூல் இயக்கத்தின் கையேடாயிற்று.

இதே மரபில், கோபம் குறைந்து ஆர்வம் கூடிய ஒரு கிளை நெதர்லாந்தில் விளைந்தது. மாஸ்ட்ரிக்ட் நகர மனநல மருத்துவர் மாரியஸ் ரோமேயிடம் வந்த பெண் ஒருவர், காதில் விழும் குரல்களை மருந்து நிறுத்தவில்லை, அந்தக் குரல்களைப் பற்றிப் பேச விடுங்கள் என்று வற்புறுத்தினார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றார்கள். நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். அவர்களில் கணிசமானோர் மருத்துவரிடமே போகாமல், குரல்களோடு சமரசமாகக் குடும்பம் நடத்திவந்தவர்கள். இது ரோமேக்கே வியப்பு. குரல் என்ன சொல்கிறது, எப்போது வருகிறது, யாருடைய சாயலில் வருகிறது என்று கேட்பது நோயை வளர்க்கும் என்றே அதுவரை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. குரல் கேட்போர் குழுக்களில் இந்தக் கேள்விகளே பேச்சு. இங்கிலாந்து வழியாக இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. மருந்தின் தேவையை இக்குழுக்களில் சிலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் கூறும் குறை இன்றும் தீரவில்லை. அதில் நியாயமும் உண்டு.

பெற்றோர் குழுக்கள் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் மருத்துவமே. 1940களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்தது. ஆதாரம் அற்ற கோட்பாடு. ஆனால் மகனை அழைத்துக்கொண்டு வந்த தாய், மருத்துவர் எதிரில் குற்றவாளியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஊரறியக் கூட்டம் போடுவது எளிதல்ல. இங்கிலாந்தில் ஜான் பிரிங்கிள் என்பவர் மகனின் நோயைப் பற்றியும் குடும்பம் பட்ட அலைக்கழிப்பைப் பற்றியும் 1970இல் ‘தி டைம்ஸ்’ இதழில் பெயர் குறிப்பிடாமல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குக் குவிந்த கடிதங்களிலிருந்து 1972இல் தேசிய மனச்சிதைவு நோய்த் தோழமை அமைப்பு பிறந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், மனச்சிதைவு வந்த மகன்களையுடைய இரு தாய்மார்கள் மதிய உணவுக்குச் சந்தித்துப் பேசியதில் ஒரு வட்டாரக் குழு உருவாகி, 1979இல் அது ‘நாமி’ என்னும் தேசியக் கூட்டமைப்பாக விரிந்தது. பெற்றோரின் கோரிக்கைகள் முன்னாள் நோயாளிகளின் கோரிக்கைகளுக்கு நேரெதிராகவே பல இடங்களில் இருந்தன. படுக்கைகளை மூடாதே, மருந்து மறுப்பவரைச் சேர்க்க வழி கொடு, மூளை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கு என்றார்கள் இவர்கள். அதை அதிகாரத்தின் குரல் என்றார்கள் அவர்கள். இரு சாராரும் தம் அனுபவத்திலிருந்தே பேசினார்கள் என்பதால் சமரசம் கடினமாக இருந்தது.

இந்தியாவில் காட்சி வேறு. சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கனோலி பித்தர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் அரசு விடுதி திறக்கப்பட்டது. இன்றைய மனநலக் காப்பகம் அதன் தொடர்ச்சி. ஊர்ப்பெயரே வசையாகும் அளவுக்கு அந்த இடம் பேச்சுவழக்கில் பதிந்துவிட்டது. ஆயினும் நாட்டின் மக்கள்தொகைக்கு முன் இத்தகைய விடுதிகளின் படுக்கைகள் ஒன்றுமேயில்லை. நோயுற்றவர் இருந்தது வீட்டில், அல்லது கோயிலில், தர்காவில். திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் சமய வேறுபாடின்றி நோயாளிகளை அழைத்துவருவார்கள். இந்த இடங்களில் உறவினர் ஒருவராவது கூடவே தங்குவதும், பக்கத்தில் தங்கியிருக்கும் இன்னொரு குடும்பத்தோடு கதை பரிமாறிக்கொள்வதும் இயல்பாக நடந்துவந்தன. பெயர் வைக்காத ஆதரவுக் குழு என்று அதைச் சொன்னால் மிகையில்லை.

நவீன மருத்துவம் இந்த வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது 1950களில், அமிர்தசரஸில். அங்கே மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யா சாகர். நோயாளிகள் அதிகம், பணியாளர் குறைவு. வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் தங்கலாம் என்று அவர் ஏற்பாடு செய்தார். உறவினரைக் கூட்டி உட்காரவைத்து, மக்களுக்குத் தெரிந்த சமயக் கதைகளின் வழியே நோயின் இயல்பை விளக்கினார். பலன்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. நோயாளி விரைவில் தேறினார். தேறுவதைக் கண்ணால் பார்த்த குடும்பம் அவரை மறுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போனது. பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் குணமாவதைக் கண்டு, புதிதாக வந்தவர் நம்பிக்கை கொண்டார். பொருள் தட்டுப்பாட்டில் பிறந்த ஏற்பாடு, இந்திய மனநல மருத்துவம் உலகுக்குத் தந்த கொடைகளில் முதன்மையானதாக இன்று எண்ணப்படுகிறது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் திறந்தபோது இதையே விதியாக்கியது. உறவினர் ஒருவர் கூடத் தங்காமல் நோயாளியைச் சேர்ப்பதில்லை. குடும்பமாகத் தங்கிச் சமைத்துக்கொள்ள அறைகள் உண்டு. அதே காலத்தில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் உறவினருக்குப் பார்வையாளர் நேரம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் 9 நாடுகளில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வில் இந்திய மையமாக இருந்தது ஆக்ரா. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, செல்வ நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற இடங்களின் நோயாளிகள் மேலான நிலையில் இருந்தார்கள். குடும்பத்தின் அரவணைப்பே காரணம் என்று பலர் சொன்னார்கள். லண்டனில் குறைகூறலும் பகைமையும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களிடம் நோய் திரும்புவது அதிகம் என்று ஏற்கெனவே கண்டிருந்தார்கள். 1980களில் சண்டிகரில் ஆராய்ந்தபோது அத்தகைய வீடுகள் குறைவாகவே இருந்தன. இந்த முடிவுகளைப் பின்னாளில் சிலர் மறுத்தார்கள். குடும்பத்தின் அன்பைப் போற்றும் கட்டுரைகளில் அந்தக் குடும்பம், குறிப்பாக அதிலுள்ள பெண், சுமக்கும் பாரம் மறைந்துபோகிறது என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று.

சென்னையில் அந்தப் பாரத்தைக் கண்டு செயல்பட்டவர் சாரதா மேனன். 1923இல் பிறந்தவர், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து, புறநோயாளர் சேவையையும் தொழிற்பயிற்சியையும் விரிவாக்கினார். ஓய்வுக்குப் பின், 1984இல், மருத்துவர் தாரா உள்ளிட்டோரோடு சேர்ந்து மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’பைத் தொடங்கினார். அங்கே வந்துபோன குடும்பங்கள் காத்திருக்கும் கூடத்தில் அறிமுகமாகி, பின்னர் முறையாகக் கூடத் தொடங்கின. 1989இல் அவரது ஊக்கத்தோடு ‘ஆஷா’ என்னும் குடும்பத்தார் சங்கம் உருவானது. நாட்டில் இவ்வகையில் முன்னோடியான அமைப்பு அது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே தங்கிப் பழகுவதற்கான இடைநிலை இல்லத்தை நடத்துவதில் அது இறங்கியது.

குடும்பத்தார் கூட்டங்களில் பேசப்படுபவை எளிதில் ஊகிக்கக்கூடியவை. மாத்திரையைத் துப்பிவிடுகிறான், என்ன செய்வது? குளிக்க மாட்டேன் என்கிறாள், வற்புறுத்தலாமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்களே? இந்தக் கடைசிக் கேள்வி மேலைநாட்டுக் குழுக்களில் பெரும்பாலும் எழுவதில்லை. தமிழ்நாட்டில் அதனால் சீரழிந்த வாழ்வுகள் ஏராளம். நோயை மறைத்து நடந்த திருமணம் முறிந்தபின், பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதைச் சென்னை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவர் சொன்னால் ஏற்காத தந்தை, அதே தவறைச் செய்து நொந்த இன்னொரு தந்தை சொன்னால் ஏற்பார். குழுவின் பயன் இந்த இடத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

குடும்பச் சங்கங்களும் மருத்துவர்களும் சேர்ந்து வற்புறுத்தியதன் பயனாக, 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றது. இதற்கிடையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘பான்யன்’, குடும்பமே இல்லாமல் சென்னைத் தெருக்களில் திரிந்த பெண்களுக்குப் புகலிடமானது. குடும்பத்தை மட்டுமே நம்பிய அமைப்பில் எத்தனை பேர் விடுபட்டுப் போகிறார்கள் என்பதை அது காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களையும் குடும்பங்கள்தாம் அங்கே விட்டுப் போயிருந்தன. கொடுமை என்று ஊர் சொன்னது. வேறு எங்கே விடுவது என்று கேட்ட பெற்றோரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் பல காப்பகங்கள் மூடப்பட்டன.

கிராமப்புறத்தில் குழு அமைக்கும் முயற்சி 2000க்குப் பின் வேகம் பெற்றது. ‘பேசிக் நீட்ஸ்’ என்னும் அமைப்பு தன் பணியைத் தென்னிந்தியாவில்தான் தொடங்கியது. கிராம மேம்பாட்டில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த தொண்டு நிறுவனங்களின் வழியே, நோயுற்றவரையும் உறவினரையும் ஒரே குழுவில் அமர்த்தியது. ஆடு வளர்க்கக் கடன், பெட்டிக்கடை, மருந்து வாங்கப் பேருந்துச் செலவு ஆகியவையும் அங்கே பேச்சாயின. நகரத்துக் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் நோயைச் சுற்றியே இருக்க, கிராமத்தில் அது பிழைப்பைச் சுற்றி அமைந்தது.

நோயுற்றவர்கள் தம் பெயரில் தாமே பேசும் அமைப்புகள் இந்தியாவில் கடைசியாகவே வந்தன. புனேயில் பார்கவி தாவர் 1999இல் நிறுவிய பாபு அறக்கட்டளை அவற்றில் குறிப்பிடத்தக்கது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உருவான காலத்தில் இந்தப் புதிய குரலும் குடும்பங்களின் பழைய குரலும் நேருக்கு நேர் மோதின. நோய் வரும் முன்பே தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் உரிமையையும், தன் சார்பில் முடிவெடுப்பவரைத் தானே நியமிக்கும் உரிமையையும் சட்டம் நோயுற்றவருக்குத் தந்தது. அந்த நியமனம் பெறுபவர் உறவினராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இருபது ஆண்டுகளாக மகனைப் பார்த்துக்கொண்ட தந்தைக்கு இது தன்னை ஒதுக்கும் சட்டமாகப் பட்டது; பெர்சிவல் கேட்டதோ ஏறக்குறைய இதைத்தான்.

இரு தரப்பும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. குடும்பக் கூட்டங்களில் தலை நரைத்த பெற்றோர் தவறாமல் எழுப்பும் கேள்வி, தங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. உடன்பிறந்தோர் வெளிநாட்டில், கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டது. சட்டத்தின் 19ஆம் பிரிவு, நோயுற்றவர் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையைக் கூறி, குடும்பத்தோடு வாழ இயலாதவர்களுக்கு இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அமைக்கும் கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2017இலிருந்து இதை மாநிலங்களுக்கு வற்புறுத்தி வந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே பான்யன் 2015 முதல் நடத்தும் முறையில், நெடுங்காலம் காப்பகத்தில் இருந்த பெண்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். சமையலையும் சந்தைக்குப் போவதையும் தமக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் உடன் இருக்கிறார். இந்த முறை வேறு மாநிலங்களுக்கும் சென்றிருக்கிறது. தேவையின் அளவுக்கு முன் வீடுகளின் எண்ணிக்கை மிகச் சிறியது.